உடையவரைத் தேடுக

அடுத்த வீட்டு முற்றத்தில் கிடக்கும் ஏணி நமக்கு வேண்டுமாயின், வாயிலில் நின்று, 'வீட்டில் யார்?' என்று குரல் கொடுத்த பின்னரே அதனை எடுக்கின்றோம். வீட்டார் இல்லையெனின் அவர் வருமளவும் பொறுத்திருக்கின்றோம். அவசரமாயின், எடுத்த செய்தியை எதிர்வீட்டாரிடமேனும் சொல்லிச் செல்கின்றோம். இவ்வொழுக்கத்தை நமக்குக் கற்பிக்க ஒரு சட்டம் வேண்டியிருக்கவில்லை. ஆயின், ஏணியினும் அரிதின் முயன்று ஆக்கப்படும் பாட்டையும் கதையையும் நாடகத்தையும் எடுத்தாளும்போது மட்டும், வாயிலில் நின்று குரல் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. 'எல்லாரும் பாடுகிறார்கள்' என்பது ஒரு சாரார் கூற்று. 'எழுதியவர் இறந்து நெடுங்காலமாயிற்று' என்பது மற்றொரு சாரார் கூற்று. 'யாருக்கு உரியதோ, நமக்கென்ன?' என்று கூறாமற் கூறி எடுத்துக்கொள்வோரே பெரும்பாலார்.

பிறர்மீது குறை கூறும் பொருட்டு யான் இதனை எழுத முற்பட்டேனல்லேன். இப்பிழையை யானே செய்தவன். யான் இக்கலாசாலையில் மாணவனாயிருந்த காலத்து, ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியைத் தொகுக்கும் பணியில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. மாணவர் விடுதியில் வழிவழியாகப் பாடப்பட்டு வந்த ஓர் இனிய பாட்டை, பழைய கையெழுத்துத் தாள் ஒன்றினின்றும் எடுத்து அச்சிட்டோம். அதன் அடியில், 'இயற்றியவர் பெயர் தெரியவில்லை' என்று ஒரு வரி சேர்த்தவன் யானே. மலர் வெளிவந்து இரண்டு திங்கள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் இக்கலாசாலையின் பழைய மாணவர். ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர். பாட்டு தம்முடையது என்பதை ஒரே வாக்கியத்தில் தெரிவித்து, அடுத்த வாக்கியத்தில் இவ்வாறு கேட்டிருந்தார்: 'தேடியும் தெரியவில்லையா, அல்லது தேடாமலே தெரியவில்லையா?'

அன்று மாலையே நூல்நிலையத்துக்குச் சென்று பழைய மலர்த் தொகுதிகளைப் புரட்டினேன். அரை மணி நேரத்தில் அப்பாட்டு அகப்பட்டது. அதன் தலைப்பின் கீழே அவர் பெயரும் அவர் படித்த வகுப்பும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. அத்தொகுதிகள் இருந்த அலமாரி, யான் நாள்தோறும் அமர்ந்து படித்த மேசைக்குப் பத்தடித் தொலைவிலே இருந்தது. அடுத்த ஆண்டு மலரில் திருத்தம் வெளியிட்டோம். ஆயினும் பாட்டைப் படித்தவர் பலர். திருத்தத்தைக் கண்டவர் சிலர். நம் மலரினின்றும் அப்பாட்டை எடுத்து அச்சிட்ட வேறு இரண்டு நூல்களில் 'பெயர் தெரியவில்லை' என்னும் என் வரியும் உடன் சென்று அமர்ந்துகொண்டது. அவர் பொருள் கேட்டிலர். வழக்குத் தொடுப்பேன் என்றும் கூறிலர். ஆயின் அவ்வினா இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்கு யான் காலந்தாழ்த்து எழுதும் விடையென்று கொள்க.

நூல், இசை, திரைப்படம் ஆகியவற்றின் உரிமை யாரிடத்துள்ளது என்பதைக் கேள்விச் செய்தியால் அறிதல் இயலாது. தேடியே அறிதல் வேண்டும். உரிமை இல்லை என்று உலகம் எண்ணும் இடத்தில் உரிமை இருத்தலும் உண்டு. உரிமை உண்டு என்று அஞ்சும் இடத்தில் அஃது இல்லாதொழிதலும் உண்டு. இவ்விரண்டிற்கும் ஒவ்வொரு சான்று காட்டுவேன்.

முதலாவது நம் நாட்டுச் சான்று. சுப்பிரமணிய பாரதியார் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் காலமானார். அவருடைய பாடல்கள் தெருத்தோறும் பஜனை தோறும் முழங்கின. அவை நாட்டுக்கே பொதுவானவை என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆயின் அக்காலத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் செல்லும் வரை, அஃதாவது 1971 வரை, உரிமை நிலைத்திருத்தற்கு இடமுண்டு. அவ்வுரிமையும் ஒன்றாயிருக்கவில்லை. நூலாக அச்சிடும் உரிமை ஓரிடத்திலிருக்க, பாடல்களை இசைத்தட்டு முதலியவற்றின் வாயிலாக ஒலிக்கச் செய்யும் உரிமை தனியே பிரித்து விற்கப்பட்டது. ஜேசிங்லால் மேத்தா என்னும் வணிகர் அதனை வாங்கினார். அவரிடமிருந்து படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் பெற்றார். 1947-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' என்னும் படத்தில் பாரதியார் பாடல்கள் ஒலித்தன. 1948-ஆம் ஆண்டு டி. கே. எஸ். சகோதரர் தம் 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாட்டொன்றைச் சேர்த்தபோதுதான், அப்பாட்டைப் பாடுதற்கும் ஒருவரது இசைவு வேண்டும் என்னும் செய்தி பொதுமக்கள் பலருக்குத் தெரியலாயிற்று.

நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1949-ஆம் ஆண்டு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த சென்னை அரசாங்கம், அவ்வுரிமைகளைத் தானே பெற்றுக்கொள்ள முன்வந்தது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலை பெறாமலே ஈந்தார். பின்னர் 1955-ஆம் ஆண்டு, பாரதியார் நூல்களை யாவரும் அச்சிடலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. இவ்வரலாற்றை மெய்யப்பச் செட்டியார்மீது குற்றமாகப் படிப்போர் உளர். அவர் பொருள் கொடுத்து வாங்கியதைச் சட்டப்படி வைத்திருந்தார். கேட்டபோது கொடுத்தும் விட்டார். நமக்கு அதில் வேறொரு பாடம் உண்டு. பாட்டு நெஞ்சில் நிறைந்திருப்பதனாலேயே அதன் உரிமை பொதுவாகிவிடாது. அன்றியும், அச்சுக்கு ஒருவரும் ஒலிக்கு மற்றொருவரும் உரியவராயிருத்தல் கூடும்.

இரண்டாவது சான்று அமெரிக்க நாட்டினது. பிறந்தநாள் தோறும் உலகெங்கும் பாடப்படும் ஆங்கில வாழ்த்துப் பாட்டை அறியாதார் இலர். அதன் மெட்டு, கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரிலிருந்த ஹில் சகோதரியர் குழந்தைகளுக்காக ஆக்கிய வேறொரு பாட்டின் மெட்டு. அது 1893-ஆம் ஆண்டு அச்சாயிற்று. பிறந்தநாட் பாட்டுக்கு 1935-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு பதிவைச் சான்றாகக் காட்டி, ஒரு பெரிய இசைப் பதிப்பு நிறுவனம் அதனைத் திரைப்படங்களிற் சேர்ப்போரிடம் நெடுங்காலம் கட்டணம் பெற்று வந்தது. பெரிய பெரிய படநிறுவனங்களும் மறுபேச்சின்றிச் செலுத்தின. அப்பாட்டின் வரலாற்றையே செய்திப்படமாக்க விரும்பிய பெண்மணி ஒருவர், தம்மிடம் கேட்கப்பட்ட 1,500 டாலரைச் செலுத்திய பின், 'இவ்வுரிமைக்கு ஆதாரம் யாது?' என்று 2013-ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் வினவினார். வழக்கு நடக்கும்போதே, 1922-ஆம் ஆண்டில் அச்சான ஒரு பாட்டுப் புத்தகம் கண்டெடுக்கப்பட்டது. அப்பாட்டின் சொற்கள் அதில் உரிமைக் குறிப்பு எதுவுமின்றி அச்சிடப்பட்டிருந்தன. 1935-ஆம் ஆண்டுப் பதிவு, பியானோவுக்கென அமைத்த சில இசையமைப்புகளுக்கே செல்லுமன்றிப் பாட்டின் சொற்களுக்குச் செல்லாது என்று 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2016-ஆம் ஆண்டு, 1 கோடியே 40 இலட்சம் டாலர் திருப்பிக் கொடுக்கும் உடன்படிக்கையோடு வழக்கு முடிந்து, பாட்டு யாவருக்கும் பொதுவாயிற்று. அத்தனை ஆண்டுகளும் கட்டணம் செலுத்தியோர், கேட்டவுடன் கொடுத்தனரேயன்றித் தேடிப் பார்த்திலர்.

ஆதலின், தேடுதல் உடையவனுக்கு மட்டும் செய்யும் உபகாரமன்று. எடுத்தாள்வோனுக்கும் அதுவே அரண். இனி, தேடும் வழி யாது என்பதைச் சிறிது கூறுவேன்.

முதற்கண் ஆண்டுக் கணக்கை அறிதல் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரி 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்மேல் 50 ஆண்டுகளும் உரிமைக் காலமாயிருந்தன. 1941-ஆம் ஆண்டில் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் நூல்கள் பொதுவாகும் தறுவாயில் அக்காலம் நீட்டப்பெற்று, 1992-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் 60 ஆண்டுகளாயிற்று. மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் நாளிலிருந்து இதனை எண்ணுதல் வேண்டும். 1889-ஆம் ஆண்டில் மறைந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' யாவருக்கும் பொது என்பது வெளிப்படை. 1954-ஆம் ஆண்டில் மறைந்த கல்கிக்கு அக்கணக்கு 2014 முடிவோடு நிறைவெய்தியது. 1973-ஆம் ஆண்டில் மறைந்த பாபநாசம் சிவனுக்கோ அக்கணக்கு 2033 முடியச் செல்கின்றது. அவர் கீர்த்தனங்களைத் தியாகராஜர் கீர்த்தனங்களோடு ஒரே மேடையிற் கேட்டுப் பழகிய நாம், இரண்டும் ஒரே நிலையின என்று மயங்குதல் எளிது. இருவர் கூடி எழுதியதாயின், பின்னர் மறைந்தவரிலிருந்து எண்ணுதல் வேண்டும். பெயரின்றியோ புனைபெயரிலோ வெளிவந்ததாயின், வெளிவந்த ஆண்டையொட்டி 60 ஆண்டுகள். இடையில் ஆசிரியர் இன்னார் என்று வெளிப்படின், மீண்டும் ஆயுட்கணக்கே வரும். ஆகவே ஒருவரது பெயரைத் தொலைப்பது அவர் உரிமைக் காலத்தையே மாற்றவல்லது என்பதை அறிக.

இவ்வாண்டுக் கணக்கேயன்றி, தமிழ்நாட்டிற்குச் சிறப்பாகிய மற்றொரு வழியும் உண்டு. பாரதியாரில் தொடங்கிய நாட்டுடைமை வழக்கம் வளர்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட தமிழாசிரியர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது. ஆண்டுக் கணக்கு முடியாத ஆசிரியராயினும், அப்பட்டியலிற் சேர்ந்திருப்பின் அவர் நூல் பொதுவே. ஆயின் அந்நூலுக்குப் பிற்காலத்தார் எழுதிய முன்னுரை, உரை, குறிப்பு ஆகியவை அவரவர்க்கே உரியன. மொழிபெயர்ப்புக்கும் அவ்வாறே தனியுரிமை உண்டு.

நூலாயின், தலைப்பேட்டின் பின்புறத்தை முதலிற் பார்த்தல் வேண்டும். மேலட்டையையும் முதல் வரியையும் மட்டும் பார்த்து நூலை மூடுவோர், உரிமையாளர் பெயர் எழுதிய ஏட்டைக் காணாமலே போகின்றனர். பழைய நூலாயின் இன்னொரு துணை உண்டு. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூற்பதிவு பற்றிய சட்டம், மாகாணத்தில் வெளியான ஒவ்வொரு நூலையும் காலாண்டுதோறும் பட்டியலிட ஏற்பாடு செய்தது. நூலின் பெயர், மொழி, ஆசிரியர், அச்சகம், விலை, அச்சிட்ட பிரதிகளின் தொகை என்பவற்றோடு, பதிப்புரிமை உடையவரின் பெயரும் இருப்பிடமும் அதிற் குறிக்கப்பட வேண்டும் என்பது விதியாயிருந்தது. நம் பாட்டனார் காலத்தில் இத்துணைக் கருத்தாய்க் குறித்து வைத்தனர். நாமோ அப்பட்டியல் ஒன்றுண்டு என்பதையே மறந்தோம். சென்னைக் கன்னிமாரா நூல்நிலையமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய நூல்களின் ஆண்டையும் பதிப்பையும் அறிதற்குப் பெருந்துணையாவன.

இசையாயின் ஒன்றைப் பலவாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். சொல்லுக்கு உரியவர் புலவர்; மெட்டுக்கு உரியவர் இசையமைத்தவர்; ஒலிப்பதிவுக்கு உரியவர் பதிவு செய்தவர். பாரதியாரின் சொல் பொதுவாயிற்று. அதற்கு இன்று ஒருவர் அமைக்கும் மெட்டும், அதனை ஒரு நிறுவனம் பதிவு செய்த ஒலியும் பொதுவாகா. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியவரை அறிதற்கு, 1969-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தை வினவலாம். ஒலிப்பதிவுக்கு இசைத்தட்டின்மீதோ பேழையின்மீதோ உள்ள பெயரையும் ஆண்டையும் நோக்குதல் வேண்டும்.

திரைப்படத்துக்குச் சட்டப்படி ஆசிரியராகக் கருதப்படுபவர் தயாரிப்பாளர். படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் கணக்கு. 1960-ஆம் ஆண்டில் வெளியான படத்துக்கு அது 2020 முடிவோடு சென்றது. 1958-க்கு முற்பட்ட படங்களுக்குப் பழைய சட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். படத்தின் உரிமை சென்ற பின்னும், அதிலுள்ள பாட்டை எழுதியவரின் ஆயுட்கணக்கு எஞ்சியிருத்தல் கூடும். அன்றியும், படத்துக்கு எழுதிக் கொடுத்தவர்க்குப் பின்னர் ஒன்றுமில்லை என்று இருந்த நிலையை 2012-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மாற்றி, பாட்டும் மெட்டும் பிறவழிகளிற் பயன்படும்போது புலவரும் இசையமைப்பாளரும் பெறவேண்டிய பங்கை அவர் விட்டுக்கொடுத்தற்கும் இயலாததாக்கியது.

இவையனைத்துக்கும் மேலாகத் தில்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் பதிவேடு உண்டு. ஆயின் ஓர் எச்சரிக்கை. பதிவேட்டில் பெயரிருப்பின் அது முதற்சான்றாகும். பெயர் இல்லையெனின் உரிமையும் இல்லையென்று கொள்ளலாகாது. படைத்த அளவிலேயே உரிமை பிறக்கின்றது. பதிவு செய்தல் அவரவர் விருப்பம்.

இனி, எதிர்வாதங்களைச் சிறிது நோக்குவாம். 'கலாசாலைக்குச் சட்டம் விலக்களித்திருக்கின்றதே' என்பர் சிலர். உண்மை. கல்வி நிலையத்தின் அலுவல்களில் ஆசிரியரும் மாணவரும் நாடகத்தையோ பாட்டையோ நிகழ்த்துதற்கும், ஆசிரியர் மாணவர் பெற்றோர் முதலியோர் மட்டும் கூடிய அவையில் படமோ ஒலிப்பதிவோ காட்டுதற்கும் சட்டம் இடந்தருகின்றது. பாடத்தின் பொருட்டு நூற்பகுதிகளைப் படியெடுத்தல் பற்றித் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு மாணவர் பக்கமே நின்றது. இவ்விலக்குகளை யான் போற்றுகின்றேன். ஏழை மாணவனுக்கு அவை பெருவாழ்வு. ஆயின், விடுதி நாளில் பாடுதல் ஒன்று; மலரில் அச்சிட்டு ஊரெங்கும் அனுப்புதல் மற்றொன்று. நுழைவுச் சீட்டு விற்றுப் புறத்தார்க்குப் படம் காட்டுதலும் அத்தகையதே. அன்றியும், உரிமையை விற்றுவிட்ட ஆசிரியனுக்கும், 'இஃது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் விட்டு வைத்திருக்கின்றது. விலக்கு நமக்குக் கட்டணத்தைத்தான் தள்ளிக் கொடுத்தது. பெயரைத் தள்ளிக் கொடுக்கவில்லை.

'இணையத்தில் யாவருக்கும் கிடைக்கின்றதே' என்பர் வேறு சிலர். சாலையோரத்து மாமரம் யாவர் கைக்கும் எட்டுவதனால் உடையவனில்லா மரமாகிவிடாது. கிடைத்தல் வேறு, உரித்தாதல் வேறு.

'தேடியும் அகப்படாவிடின் யாது செய்வது?' என்று வினவுவோரே உண்மையாக வினவுவோர். பதிப்பகம் மூடப்பட்டிருக்கலாம், ஆசிரியரின் மக்கள் எங்குளரென்று தெரியாதிருக்கலாம். ஆசிரியர் மறைந்தோ, அறியப்படாமலோ, கண்டுபிடிக்க இயலாமலோ போன நூல்களை வெளியிட இசைவு பெறுதற்குச் சட்டமே ஒரு வழி வகுத்துள்ளது. ஆயினும் அவ்வழி நீண்டது. சிறு பதிப்பாளரும் மாணவரும் எளிதிற் செல்லத்தக்கதன்று. அறுபது ஆண்டென்னும் நெடுங்காலம், உடையவர்க்குப் பயன்படுவதைப் போலவே, உடையவர் அறியப்படாத நூல்களைச் செல்லரிக்கச் செய்வதற்கும் காரணமாகின்றது என்பதை மறுத்தல் இயலாது. பதிப்புரிமைப் பதிவேடு, பழைய காலாண்டுப் பட்டியல், நாட்டுடைமைப் பட்டியல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில், யாவரும் எளிதிற் புரட்டத்தக்க முறையில் அமைதல் வேண்டும் என்பது என் துணிபு. நீண்ட உரிமைக் காலத்தை விதிக்கும் அரசுக்கு, உரியவர் யாரென்று அறியும் வழியை எளிதாக்கித் தரும் கடமையும் உண்டன்றோ?

அரசு செய்யுமளவும் நாம் வாளாவிருத்தல் வேண்டா. நம் கலாசாலை அளவில் இரண்டு காரியங்கள் இன்றே செய்தற்குரியன. ஒன்று, இம்மலரில் அச்சாகும் ஒவ்வொன்றுக்கும் இயற்றியவர் பெயர், ஆண்டு, எடுத்த இடம், இசைவு பெற்ற விவரம் ஆகிய நான்கும் ஒரு சிறு வரியிலேனும் இடம்பெறுதல். இரண்டு, நூல்நிலையத்தில் ஓர் உரிமைக் குறிப்பேடு வைத்தல். நாடகம் நடித்தவரும் பாட்டுத் தொகுத்தவரும் எங்கெங்குத் தேடினர், யாரை வினவினர், யாது அறிந்தனர் என்பதை அதில் எழுதி வைப்பாராயின், அடுத்து வரும் மாணவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒன்றும் அகப்படாதபோது, 'இன்ன இன்ன இடங்களில் தேடியும் தெரியவில்லை' என்று எழுதுக. 'தெரியவில்லை' என்னும் ஒற்றைச் சொல் கதவை அடைக்கின்றது. 'தேடியும் தெரியவில்லை' என்பது அக்கதவைத் திறந்து வைத்து, அறிந்தார் எவரேனும் வந்து சொல்லுமாறு அழைக்கின்றது.

அவ்வஞ்சலட்டை இன்னும் என்னிடம் உள்ளது. அதனை எழுதிய பெரியவருக்கு அன்று யான் விடையெழுதியபோது, வருத்தம் தெரிவித்தேன்; அவர் வினாவுக்கு மட்டும் நேர்விடை தந்திலேன். இப்பொழுது தருகின்றேன்: ஐயா, தேடாமலே தெரியவில்லை என்று எழுதினேன். என் பின்னோர் அவ்வாறு எழுதாதிருப்பாராக.

— ஒரு பழைய மாணவன்